மஞ்சள் மணத்த கை

மழையைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. நான் தைப்பிங்காரி. மலேசியாவில் எங்கள் ஊரைப்போல மழை கொட்டுகிற ஊர் வேறில்லை என்று நாங்களே பெருமையடித்துக்கொள்வோம். ஆனால் தென்காசி ரயிலடியில் இறங்கியதும் முகத்தில் விழுந்ததை என்னவென்று சொல்வது? மேலே பார்த்தால் வெயில், கீழே பார்த்தால் ஈரம். யாரோ பக்கத்து மாடியில் துவைத்த சேலையை உதறுகிறார்கள் என்று நினைத்து நிமிர்ந்து ஒரு முறை முறைத்தேன்.

"மொறைக்காதட்டி, இதுதான் சாரல்" என்றாள் எஸ்தரக்கா. என் உடன்பிறந்த அக்கா. தென்காசியில் வாழ்க்கைப்பட்டுப் பள்ளிக்கூட டீச்சராக இருப்பவள். அவள் தனியாக வந்திருந்தாள். நான் எப்போது வந்தாலும் ரயில் நிற்பதற்கு முன்பே பெட்டிக்குள் ஏறி, "வந்தாச்சா மலாயா மகாராணி!" என்று கூச்சல் போடும் தேவசகாயம் அத்தானைக் காணோம்.

இது எழுபதுகளின் கடைசியில் நடந்தது. நான் அப்போது ஒரு சின்னக் கிறிஸ்தவ வேதபாட சாலையில், பழைய ஏற்பாட்டின் மூலபாஷையான எபிரெயம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். அந்த எபிரெயத்துக்காகத்தான் அக்கா ஆள் விட்டு என்னைக் கடல் தாண்டி வரவழைத்திருந்தாள். குதிரைவண்டி பாதி வழியில் நின்றுவிட்டது. குதிரைக்கு நகர மனமில்லை. வண்டிக்காரர் இறங்கி அதனிடம் கெஞ்சிக்கொண்டிருந்த நேரத்தில்தான் அக்கா அழ ஆரம்பித்தாள்.

"இந்த சீசன்ல அவரு என்னைய விட்டுட்டுப் போயிருவாரு, ஜெயா."

போன சீசனில் அத்தான் குற்றாலத்து ஐந்தருவியில் குளித்துக்கொண்டிருந்தபோது திடீரென்று வெள்ளம் வந்தது. அது எனக்குத் தெரியும். தண்ணீர் அவரை அடித்துக்கொண்டு போக, ஒரு கை வந்து வலது மணிக்கட்டைப் பிடித்துப் பாறைமேல் இழுத்துப் போட்டது. கண்ணைத் திறந்து பார்த்தால் யாருமே இல்லை. தேவதூதனின் கை என்று சபை முழுக்க ஸ்தோத்திரம் சொன்னது. ஐயர் அதை வைத்து ஊர் ஊராகப் பிரசங்கம் செய்தார். தெற்குச் சீமைக் கிறிஸ்தவர்கள் போதகரை ஐயர் என்றுதான் கூப்பிடுவார்கள், வெளியூர்க்காரர்கள் குழம்ப வேண்டாம். இதுவரைக்கும் நல்ல கதைதான்.

"ஆனா அந்தக் கை இன்னும் விடலைங்காரு" என்றாள் அக்கா. "சாரல் விழுந்தா அந்த எடத்துல இறுக்குதாம். தெனம் சாயங்காலம் அருவிக்குப் போயிருதாரு. ஒவ்வொரு நாளும் ஒரு அடி முன்னால போயி நிக்காரு. கூப்புடுதுங்காரு. வேதத்துல மூலபாஷையில இதுக்கு என்ன போட்டிருக்குன்னு நீதான் அவருக்கு எடுத்துச் சொல்லணும்."

குதிரை அப்போது தானாகவே நடக்க ஆரம்பித்தது. எனக்கு ஏனோ அது பிடிக்கவில்லை.

வீட்டில் அத்தான் ஊஞ்சல் பலகையில் உட்கார்ந்திருந்தார். வலது மணிக்கட்டில் சிறு துண்டு சுற்றியிருந்தது. "வாட்டி ஜெயா" என்றார். அவ்வளவுதான். சாப்பாட்டுக்குச் சொதியும் இஞ்சித் துவையலும் வைத்திருந்தாள் அக்கா. தேங்காய்ப்பாலில் முருங்கைக்காய் மிதக்கும் அந்தச் சொதிக்காகவே இன்னொரு முறை கடல் தாண்டலாம். நான் மூன்றாவது தடவை சோறு வாங்கிக்கொண்டேன். அத்தான் இடது கையால் ஸ்பூன் பிடித்துச் சாப்பிட்டார். ஒரு காலத்தில் இலையையும் சேர்த்துத் தின்றுவிடுவாரோ என்று நாங்கள் கேலி செய்த மனிதர்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. சாயங்காலம் நானும் அவரோடு கிளம்பினேன். பஸ்ஸில் கூட்டம் பிதுங்கியது. எனக்குப் பின் இருக்கையில் புனலூர்ப் பக்கத்துப் பெண்கள் இருவர் மலையாளத்தில் பேசிக்கொண்டு வந்தார்கள். எனக்கு அந்தப் பாஷை அரைகுறையாகப் புரியும். ஒருத்தி சொன்னாள்: "போன வருஷம் இங்கே ஒருத்தனை யட்சி பிடித்து இழுத்தாளாம். ஆளைக் கரையில் போட்டுவிட்டாள், கையை மட்டும் விடவில்லையாம்." மற்றவள் கேட்டாள்: "அப்புறம் எப்போது விடுவாளாம்?" முதல் பெண் சொன்னாள்: "அவன் திரும்பி வந்தால்தான்."

அத்தான் எனக்கு முன் இருக்கையில் இருந்தார். அவருடைய பின்கழுத்து அசையவே இல்லை. பஸ் மேட்டில் ஏற முடியாமல் நின்று, கண்டக்டர் ஆண்களையெல்லாம் இறக்கித் தள்ளச் சொன்னபோது அவர் மட்டும் இறங்காமல் உட்கார்ந்திருந்தார். கண்டக்டர் அவரைப் பார்த்தார், துண்டைப் பார்த்தார், அடுத்த ஆளிடம் போய்விட்டார்.

ஐந்தருவிச் சாலையில் ரம்புத்தானும் மங்குஸ்தானும் குவித்து வைத்து விற்றார்கள். எங்கள் கொல்லையில் அழுகிக் கிடக்கிற ரம்புத்தானுக்கு இங்கே என்ன கிராக்கி! விலையைக் கேட்டு நான் சிரித்த சிரிப்பில் பழக்காரப் பெண் கோபித்துக்கொண்டாள். அந்தச் சிரிப்பு அருவியைப் பார்க்கும்வரைதான் இருந்தது.

அருவியில் ஆண்களுக்கு ஒரு பக்கம், பெண்களுக்கு ஒரு பக்கம். நடுவே கம்பித் தடுப்பு. இரண்டு பக்கத்துத் தண்ணீரும் கீழே பாறைச் சந்தில் ஒன்றாகச் சேர்ந்து ஓடுகிறது. நான் மேலே நடைபாதையில் நின்றேன். அத்தான் சட்டையைக்கூடக் கழற்றாமல் ஆண்கள் பக்கத்துப் பாறை விளிம்புக்குப் போனார். எண்ணெய் பூசிய உடம்புகள் அவரை ஒதுங்கிப் போயின. அவர் குளிக்கவில்லை. கீழே அந்தப் பாறைச் சந்தையே பார்த்துக்கொண்டு, வலது கையை மெல்ல முன்னால் நீட்டினார், குழந்தை யாரிடமாவது கையைக் கொடுப்பதுபோல.

அப்போதுதான் எதிர்ப்பக்கம் கவனித்தேன். பெண்கள் பக்கத்துக் கம்பியோரம் அரக்குச் சேலை கட்டிய ஒருத்தி குடைபிடித்து நின்றிருந்தாள். சுற்றிலும் பெண்கள் நனைந்து கூச்சல் போட, அவள் மட்டும் துளி நனையாமல் நின்றாள். வலது கையை மூடினாள், திறந்தாள், மறுபடி மூடினாள். அவள் பார்த்துக்கொண்டிருந்தது அத்தானை. சாரல் கண்ணில் அடிக்க, துடைத்துவிட்டுப் பார்த்தபோது அந்த இடத்தில் ஆள் இல்லை.

நான் படித்தவள், பாடம் எடுப்பவள். இருந்தாலும் அன்றைக்கு அத்தானைத் தோளைப் பிடித்து இழுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடிய வேகத்தை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

சனிக்கிழமை ஐயர் வீட்டுக்கு வந்தார். அடுத்த ஞாயிறு சபையில் அசனம். வருஷத்துக்கு ஒருமுறை சபை முழுவதும் ஒன்றாக உட்கார்ந்து ஆட்டுக்கறிச் சோறு சாப்பிடும் பெருவிருந்து. அன்றைக்கு அத்தான் எழுந்து நின்று, தேவன் காப்பாற்றியதைச் சாட்சியாகச் சொல்ல வேண்டும் என்பது ஐயரின் ஆசை. "எபிரெயம் படிச்ச அம்மாவும் வந்திருக்காங்க. தேவதூதன் கையைப் பத்தி மூலபாஷையில என்ன போட்டிருக்குன்னு ரெண்டு வார்த்தை சொல்லட்டும்" என்றார். அத்தான் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டார்.

நானும் பின்னாலேயே போனேன். எனக்குத் தெரிந்த வைத்தியம் வார்த்தைகள்தான். கிணற்றடியில் உட்கார்ந்து அவருக்குச் சொல்ல ஆரம்பித்தேன். இரட்சிப்பு என்று நாம் சொல்வதற்கு எபிரெயத்தில் 'யாஷா' என்ற வினை. அதற்கு அடியில் அகலம், தாராளமான இடம் என்ற அர்த்தம் கிடக்கிறது என்று பல பண்டிதர்கள் சொல்வார்கள். ஆபத்துக்கு அவர்கள் வைத்த பெயர் நெருக்கம், இடுக்கு. இடுக்கிலிருந்து கூப்பிட்டேன், விசாலத்தில் கொண்டுவந்து நிறுத்தினார் என்பதுதான் வேதத்துச் சங்கீதக்காரன் பாட்டு. "அப்போ பாறைச் சந்துலயிருந்து வெளியே வந்தா மட்டும் போதாது அத்தான். கைகாலை நீட்டி இருக்க எடம் வேணும். அதுதான் ரட்சிப்பு."

"நான் இன்னும் சந்துலதாம்ட்டி கெடக்கேன்" என்றார் அத்தான்.

பிறகு துண்டை அவிழ்த்தார். தழும்பு இருந்தது. நான்கு நகக்குறிகள், எதிரே ஒன்று. "ஒண்ணு சொல்லுதேன், உங்கக்காட்ட சொல்லாத. அந்தக் கை மஞ்சள் மணத்துச்சு. மஞ்சளும் சீயக்காயும். தேவதூதன் மஞ்சள் பூசிக்கிடுவானா?"

நான் குனிந்து அந்தக் குறிகளைப் பார்த்தேன்.

"வெள்ளம் வருதுன்னு போலீஸ்காரன் விசில் ஊதி பொம்பளையாளுவள மொதல்லயே காலி பண்ணிட்டான். அங்கன ஒரு குருவி கெடையாது. நான் ஒடம்பு பூரா எண்ணெய். எண்ணெய்க் கையை அப்படிப் பிடிக்க உசிரோட இருக்க மனுஷியால முடியுமா? அங்கன எத்தனையோ பேரு செத்திருக்காளுவ. அதுல ஒருத்தி என்னைய எடுத்திருக்கா. சும்மாவா எடுப்பா?"

சாரல் விழ ஆரம்பித்தது. அவர் சட்டென்று மணிக்கட்டைப் பொத்திக்கொண்டார். தழும்பைச் சுற்றித் தோல் வெளுத்துப்போவதை நான் என் கண்ணால் பார்த்தேன். குளிரினால் இருக்கும். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஞாயிறு ஆராதனையில் நான் உட்கார்ந்திருந்தேனே தவிர மனம் அங்கே இல்லை. பெரும் தண்ணீரிலிருந்து கர்த்தர் தூக்கி எடுத்தார் என்ற தாவீதின் பாட்டை ஐயர் வாசித்தார். நான் வழக்கம்போல மனசுக்குள் மூலபாஷையில் கூடவே ஓட்டிக்கொண்டு வந்தேன். தூக்கி எடுத்தார் என்ற இடத்தில் 'மாஷா' என்ற வினை வருகிறது. அது வேதத்தில் மிக அபூர்வமான சொல். தாவீதின் அந்தப் பாட்டை விட்டால் இன்னும் ஒரே இடத்தில்தான் உண்டு. அது மோசேயின் கதை. நைல் நதியில் மிதந்த குழந்தைக்குப் பெயர் வைத்து, 'தண்ணீரிலிருந்து நான் எடுத்தேன்' என்று சொல்கிற இடம்.

அதைச் சொன்னது யார்? தேவதூதன் இல்லை, தீர்க்கதரிசி இல்லை. பார்வோனின் மகள். வேறு சாமி கும்பிடுகிறவள். தோழிகளோடு ஆற்றுக்குக் குளிக்க வந்த பெண்பிள்ளை! அவள் கை செய்த காரியத்துக்கும் கடவுளின் கை செய்த காரியத்துக்கும் வேதம் அந்த ஒரே வினையைத்தான் போட்டிருக்கிறது. வருஷக்கணக்காக இதைக் கரும்பலகையில் எழுதிப்போட்டவள் நான். குளிக்க வந்த பெண் என்பதை ஒருநாளாவது யோசித்திருப்பேனா? ஆராதனை முடியுமுன்பே எழுந்துவிட்டேன். அக்கா என் சேலையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். "அத்தான், பொம்பளைங்க பக்கம் யாரையாவது விசாரிச்சீங்களா?"

"அங்கன நான் எப்படிட்டி போவேன்? செருப்பாலடிக்கமாட்டாளுவளா?"

"ஐயர்?"

"ஐயரு போவாரா? நல்லா கேட்டியே!"

"அக்கா, நீ?"

"தேவதூதன்னு சொன்னப்பொறம் நான் எதுக்குட்டி போயி விசாரிக்கணும்?"

அருவிக்கு நடுவில் ஒரு கம்பித் தடுப்பு போட்டிருக்கிறான். ஒரு வருஷமாக ஒரு சபையும் ஓர் ஊரும் அந்தக் கம்பிக்கு இந்தப் பக்கமே தேடியிருக்கின்றன. எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. "செத்தவ எதுக்கு அத்தான் சீயக்காய் தேச்சுக் குளிக்கணும்?" என்று, அவர் சொல்லாதே என்றதையும் மறந்து அக்கா எதிரிலேயே கேட்டுவிட்டேன். "சீயக்காய் பட்டா எண்ணெய் வழுக்காது. தலைக்குக் குளிக்கிற எல்லாருக்கும் தெரியுமே."

திங்கட்கிழமை நானும் அக்காவும் போய்ப் பெண்கள் பக்கம் குளித்தோம். அருவி தலையில் குட்டுவதுபோல விழுந்தது. தைப்பிங் மலையருவி இதற்கு முன்னால் தண்ணீர்க்குழாய். குளிப்பவர்களின் துணிமணியைக் காவல் காக்கிற பேச்சியம்மாள் என்ற நடுத்தர வயதுப் பெண் கரையில் இருந்தாள். ஈரத்தோடு அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அரக்குச் சேலைக்காரியைப் பற்றி விசாரித்தேன்.

"யாரு, கோமதியம்மாவா? தென்காசியில பெரிய வீட்டம்மா. கோயில் திருவிழாவுல மொத மரியாதை அவுக வீட்டுக்குத்தான். வெள்ளிக்கிழமை கோயிலுக்குன்னு பொறப்பட்டு இங்கன வந்துருதாவ. குளிக்க மாட்டாவ. அந்தா அந்தக் கம்பியப் பிடிச்சிக்கிட்டு நிப்பாவ, போயிருவாவ."

"எப்ப இருந்து?"

பேச்சியம்மாள் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "அந்த வெள்ளம் வந்த அன்னைக்கு விசில் ஊதினப்ப எல்லாரும் ஓடியாந்தாளுவ. அவுக துணி மட்டும் எங்கிட்ட கெடந்துச்சு. நான் தலையில அடிச்சிக்கிட்டேன். பொறவு கடைக்குப் பின்னால இருந்து வாராவ. சேலையெல்லாம் கிழிஞ்சு, முழங்கையில ரத்தம். என் வாயில கையை வச்சிப் பொத்துனாவ. துணிய வாரிக்கிட்டு ஓடிட்டாவ, ஏயம்மா!"

அக்கா என் முதுகுக்குப் பின்னால் வந்து உட்கார்ந்துகொண்டாள்.

வெள்ளிக்கிழமைவரை அத்தானிடம் நாங்கள் வாய் திறக்கவில்லை. ஒருவேளை அவள் வரவில்லை என்றால்? அந்த நாட்களில் அக்கா என்னைச் செங்கோட்டைப் பக்கம் கூட்டிப்போய்ப் புரோட்டாவும் கோழியும் வாங்கிக்கொடுத்தாள். இரண்டு பேரும் பாதியிலேயே கைகழுவினோம். மேற்கே மலையில் கருமேகம் இறங்கிக்கொண்டே இருந்தது. வியாழன் சாயங்காலம் அத்தான் அருவியிலிருந்து திரும்பியபோது வேட்டி முழங்கால்வரை நனைந்திருந்தது.

வெள்ளிக்கிழமை தண்ணீர் செம்மண் நிறத்தில் வந்தது. ஆட்களைக் குறைத்துவிட்டார்கள். அத்தான் விளிம்பில் இருந்தார், முன்னைவிடக் கீழே. அக்காவை நடைபாதையில் நிறுத்தி அவர்மேல் கண் வைக்கச் சொல்லிவிட்டுப் பெண்கள் பக்கம் போனேன். கம்பியோரம் அரக்குச் சேலை. குடை. அருகே போகப்போக மஞ்சள் வாசனை வந்தது. நிஜமான பெண்தானா என்று தொட்டுப் பார்க்கத் தோன்றியது, அத்தனை அசையாமல் நின்றாள்.

"கோமதியம்மா" என்றேன். "நான் அவரோட கொழுந்தியா."

அவள் திரும்பவில்லை. "அவரை மேல ஏறச் சொல்லுங்க" என்றாள். "வாரவாரம் பாத்துக்கிட்டு நிக்கேன். ஒரு அடி ஒரு அடியா எறங்குதாரு. இன்னொரு மட்டம் பிடிக்க எனக்குத் தெம்பு இல்ல."

"நீங்கதானா அது?"

"அன்னைக்கு விசில் ஊதினப்ப நான் பாறைக்குப் பின்னால ஒளிஞ்சிக்கிட்டேன். குளிக்கப் போறேன்னு சொன்னாத்தான் வீட்டுல விடுவாங்க. கையில கரைச்ச சீயக்காயோட நின்னேன். குளிக்க வரலை. ஏன்னு கேக்காதீங்க." அவள் குரலில் அழுகை இல்லை. "ஒரு கையில கம்பி இருந்துச்சு. அதை விடத்தான் வந்தேன். விடப் போற நேரத்துல அவரு உருண்டு வந்தாரு. எப்படிப் பிடிச்சேன்னு தெரியலை. பிடிச்சிட்டேன். அப்பொறம் கம்பியை எப்படிம்மா விட? விட்டா அவரும்லா போயிருவாரு!"

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அருவி இரைந்துகொண்டே இருந்தது. அவள் வலது உள்ளங்கையை என் முன்னால் விரித்தாள்.

"யாருகிட்டயும் சொன்னதில்லை. சாரல் விழுந்தா இதுக்குள்ள ஒரு துடிப்பு வருது. அவரு நாடி. அன்னைக்குத் துடிச்ச மாதிரியே துடிக்குது. இப்பவும்."

நான் மேலே பார்த்துக் கையை அசைத்தேன். அக்கா கூப்பிட்ட கூப்பாட்டில் அத்தான் திரும்பிப் பார்த்தார். என்னைப் பார்த்தார், பக்கத்தில் நின்றவளைப் பார்த்தார். அவர் முகம் வெளிறியதை அவ்வளவு தூரத்திலிருந்தும் கண்டேன். பாறைமேல் தவழ்ந்து ஏறி, தடுப்புக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார். காற்று இந்தப் பக்கமிருந்து அடித்தது. மூச்சை இழுத்தார். அவருக்கு நான் ஒன்றும் விளக்கவேண்டியிருக்கவில்லை.

கோமதியம்மாள் எனக்குச் சொன்னதை அவருக்கும் சொன்னாள், இன்னும் குறைவான வார்த்தைகளில். அத்தான் துண்டை அவிழ்த்துக் கம்பியிடையே கையை நீட்டினார். சுற்றிலும் ஆட்கள் பார்த்தார்கள். பெரிய வீட்டு மருமகள் அந்நிய ஆண்பிள்ளையின் கையைத் தொடுவதென்றால் ஊர் சும்மா இருக்குமா? அவள் குடையைக் கீழே போட்டாள். ஐந்து விரலும் தழும்பில் போய் அப்படியே பொருந்தி உட்கார்ந்தன.

சாரலில் மூன்று பேரும் நனைந்துகொண்டு நின்றோம்.

"விட்டுரட்டுமா அண்ணாச்சி?" என்று கேட்டாள்.

ஒரு வருஷமாக விடு, விடு என்று கெஞ்சிய அத்தான், இப்போது தன் இடது கையை அவள் கைமேல் வைத்துப் பொத்திக்கொண்டார்.

"நீங்க கரையேறிட்டீங்களாம்மா? அத மொதல்ல சொல்லுங்க."

அவள் கீழே பாறைச் சந்தைப் பார்த்தாள். பிறகு மேலே, நடைபாதையில் வாயைப் பொத்திக்கொண்டு நின்ற என் அக்காவைப் பார்த்தாள்.

"ஏறிட்டேன்."

"அப்போ விடுங்க" என்றார் அத்தான்.